புற்றுநோய் சிகிச்சையோடு சேர்த்து சீகுங் செய்வது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

இரண்டாவது கீமோ முடிந்து வந்த வாரம் அக்கா ஒரு வார்த்தை சொன்னாள். "என் உடம்புக்கு எல்லாரும் ஏதோ ஒண்ணு செய்யறாங்க. நான் மட்டும்தான் ஒண்ணும் செய்யாம படுத்துக் கிடக்கேன்." ஊசி போட ஒருவர், ரத்தம் எடுக்க ஒருவர், சாப்பிடச் சொல்ல நான். அன்று மாலை அவளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்தேன். மூச்சை இழுக்கும்போது இரண்டு கையும் மெல்ல மேலே வரவேண்டும், விடும்போது மெல்ல இறங்கவேண்டும். அவ்வளவுதான் பாடம். மொத்தம் நான்கு நிமிடம். கை நெஞ்சு உயரம்கூட வரவில்லை. ஆனால் அந்த நான்கு நிமிடம் அவளுடையது.

அதன் பிறகு சிகிச்சை முடியும்வரை அவளோடு சேர்ந்து தினமும் செய்தேன். எங்கே தப்பு செய்தோம், எதை மாற்றினோம், டாக்டரும் பிசியோதெரபிஸ்டும் எதைத் தடுத்தார்கள் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. நோயாளிக்காகவும் கூட இருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீகுங் புற்றுநோயைக் குணப்படுத்தாது. கட்டியைக் கரைக்காது. அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எதற்கும் இது மாற்று கிடையாது. அவற்றைத் தாங்குகிற உடம்புக்கும் மனதுக்கும் கொஞ்சம் ஆறுதல் தரும் துணைப் பயிற்சி இது. இந்த எல்லைக்குள் அது செய்கிற வேலை சின்னதில்லை.

சீகுங் என்றால் என்ன

'சீ' என்றால் மூச்சு, உயிராற்றல். நாம் பிராணன் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட நெருங்கி வரும். 'குங்' என்றால் பல நாள் உழைத்துக் கைவரப் பெறும் தேர்ச்சி. மெதுவான அசைவு, அதோடு இணைந்த மூச்சு, இரண்டிலும் நிற்கும் கவனம். இந்த மூன்றும் சேர்ந்தால் சீகுங்.

வேர் பழையது. சீனாவில் சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துய் என்ற இடத்தில் 1970களில் தோண்டிய கல்லறை ஒன்றில் பட்டுத்துணி ஓவியம் கிடைத்தது. அதில் 44 பேர் விதவிதமாகக் கை நீட்டி, குனிந்து, வளைந்து பயிற்சி செய்கிறார்கள். கல்லறையை மூடியது கி.மு. 168இல். ஆனால் 'சீகுங்' என்ற பெயரில் இவற்றையெல்லாம் ஒரே குடைக்குள் கொண்டுவந்து மருத்துவமனைகளில் பரப்பியது 1950களில்தான்.

புற்றுநோயோடு இந்தப் பயிற்சியின் பெயர் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் குவோ லின் என்ற ஓவியர். 1949இல் அவருக்குக் கருப்பைப் புற்றுநோய் வந்தது. பிறகு தன் வீட்டுப் பெரியவர்களிடம் கற்றதை வைத்து நடந்துகொண்டே செய்யும் ஒரு முறையை உருவாக்கினார். 1970களில் பெய்ஜிங் பூங்காக்களில் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் கதையைக் காட்டி 'சீகுங்காலேயே புற்றுநோய் போய்விட்டது' என்று சொல்பவர்கள் நிறைய. அவர் அறுவை சிகிச்சைகளும் செய்துகொண்டவர் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆய்வுகள் காட்டியது என்ன

2010இல் சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெவ்வேறு வகைப் புற்றுநோய் உள்ள 162 பேரைக் கொண்ட ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவு வழக்கமான மருத்துவத்தோடு 10 வாரம் சீகுங் செய்தது. மற்றது வழக்கமான மருத்துவம் மட்டும். சீகுங் செய்தவர்களுக்குச் சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கைத் தரம் கூடியது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு ஷாங்காயில் நடந்தது. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டிருந்த 96 பெண்கள். சீகுங் செய்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தன. தொடக்கத்திலேயே மனம் அதிகம் சோர்ந்திருந்தவர்களுக்குத்தான் கூடுதல் பலன்.

2024இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் ஒருங்கிணைந்த புற்றுநோயியல் சங்கமும் சேர்ந்து புற்றுநோய்ச் சோர்வுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டன. சிகிச்சையின்போது சோர்வைக் குறைக்கப் பரிந்துரைக்கும் வழிகளில் உடற்பயிற்சி, மனநலப் பயிற்சிகளோடு, தைச்சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சியும் சீகுங்கும் இருக்கின்றன.

ஆனாலும் இந்த ஆய்வுகளை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆட்கள் எண்ணிக்கை சிறியது. சீகுங் செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியும். வாராவாரம் ஆசிரியரைப் பார்க்கிறார், நாலு பேரோடு பேசுகிறார். அந்தக் கூட்டமும் கவனிப்பும்கூடப் பலனில் ஒரு பங்காக இருக்கலாம். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, ஆனால் தெரிந்துகொண்டு செய்வது நல்லது.

இன்னொரு ஆய்வையும் மறக்கக்கூடாது. 2018இல் அமெரிக்காவில் வெளியானது. பரவாத நிலையில் இருந்த மார்பகம், புரோஸ்டேட், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளில், வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று முறைகளை மட்டும் நம்பிய 281 பேரை அதில் ஆராய்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட அவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. 'கீமோவை நிறுத்து, இதைச் செய்' என்று யார் சொன்னாலும், எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அங்கே உட்காராதீர்கள்.

முதல் படி: டாக்டரிடம் கேட்க வேண்டியவை

"எக்சர்சைஸ் செய்யலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால் "லேசா செய்யுங்க" என்று பொதுவாகத்தான் பதில் வரும். நாங்களும் அப்படித்தான் முதலில் கேட்டோம். குறிப்பாகக் கேட்க வேண்டும்.

எலும்பில் பரவியிருக்கிறதா, எந்த எலும்பில்? இதுதான் முதல் கேள்வி. முதுகெலும்பிலோ இடுப்பிலோ தொடையிலோ பரவியிருந்தால் குனிவது, இடுப்பைத் திருகுவது, குதிகாலைத் தூக்கித் தரையில் தட்டுவது மூன்றும் வேண்டாம். எலும்பு முறியக்கூடும். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகியிருந்தாலும் (ஆஸ்டியோபோரோசிஸ்) இதே எச்சரிக்கைதான்.

ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் எவ்வளவு, ஹீமோகுளோபின் எவ்வளவு? பிளேட்லெட் மிகக் குறைந்திருக்கும் நாளில் விழுந்தால் உள்ளே ரத்தக்கசிவு ஆகலாம். ஹீமோகுளோபின் குறைந்தால் நின்றவுடன் தலை சுற்றும். அந்த நாட்களில் நின்று செய்யலாமா, உட்கார்ந்துதான் செய்யவேண்டுமா என்று கேளுங்கள்.

கால் மரத்துப்போகிறதா? சில கீமோ மருந்துகள் கை, கால் நரம்புகளைப் பாதிக்கும். அக்காவுக்கு நான்காவது சுற்றுக்குப் பிறகு அது தொடங்கியது. "பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு, தரை எங்க இருக்குன்னே தெரியல" என்றாள். அப்படி இருந்தால் கண்ணை மூடி நிற்கக்கூடாது. கண்தான் அப்போது காலுக்குப் பதிலாகச் சமநிலையைப் பார்த்துக்கொள்கிறது.

அறுவை சிகிச்சை ஆகியிருந்தால் கையை எவ்வளவு உயரம் தூக்கலாம், வயிற்றுத் தசைக்கு எப்போது வேலை கொடுக்கலாம் என்று கேளுங்கள். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கும் வாய்ப்பு உண்டு. அழுத்த உறை கொடுத்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு செய்யலாமா என்று கேளுங்கள். மருந்து ஏற்ற மார்புத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட்டோ, கை ரத்தக்குழாய் வழியே செருகும் பிக் லைன் குழாயோ புதிதாக வைத்திருந்தால் அந்தப் பக்கக் கையை எப்போதிலிருந்து தூக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இதயத்தைப் பாதிக்கும் மருந்து எடுத்திருந்தால் அதையும் விடாதீர்கள்.

இன்னொன்று, பலர் கேட்கவே மாட்டார்கள். முன்பு எப்போதாவது மனநோய் வந்து, இல்லாத குரல் கேட்பது, மாயத் தோற்றம் தெரிவது போன்றவை இருந்திருந்தால் நீண்ட தியானம் கலந்த சீகுங் வேண்டாம். மிக நீளமாக, மிகத் தீவிரமாகச் செய்து மனம் குழம்பியவர்கள் சீனாவிலேயே உண்டு. கீழே சொல்லும் சின்ன அசைவுகளைக்கூட மனநல மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

இரண்டாம் படி: இடமும் நாற்காலியும்

சக்கரம் இல்லாத, ஆடாத நாற்காலி. அதைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். வழுக்காத தட்டைச் செருப்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். போன் வேறு அறையில். இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. தனி உடை, பாய், பாட்டு எதையும் வாங்க வேண்டாம்.

மூன்றாம் படி: உடம்பை நிறுத்துவது, மூச்சை விடுவது

பலர் அசைவுகளுக்கு அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நான் ஒரு வாரம் முழுக்க இதை மட்டும் செய்யச் சொல்வேன்.

உட்கார்ந்தால் நாற்காலியின் முன்பாதியில் உட்காருங்கள், பாதம் முழுதும் தரையில் பதியட்டும். முதுகு வலித்தால் சாய்ந்துகொள்ளலாம். நின்றால் கால்கள் தோள் அகலத்தில், முழங்கால் இறுக்கம் இல்லாமல் லேசாகத் தளர்ந்து. உச்சந்தலையில் ஒரு நூல் கட்டி யாரோ மெல்ல மேலே பிடித்திருப்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். தோள் தானாக இறங்கும். தாடையை விடுங்கள். நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைக்கச் சொல்வார்கள்; வாயில் புண் இருந்தால் அதை விட்டுவிடலாம், ஒன்றும் குறையாது.

இரண்டு உள்ளங்கையையும் தொப்புளுக்குக் கீழே வயிற்றில் ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள், கை லேசாக வெளியே வரும். விடுங்கள், கை உள்ளே போகும். விடுவது இழுப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்: மூன்று எண்ணி இழுத்தால் நான்கோ ஐந்தோ எண்ணி விடுவது. எண்ணுவது தொந்தரவாக இருந்தால் எண்ண வேண்டாம்.

மூச்சை எந்த இடத்திலும் அடக்காதீர்கள். வயிற்றை முக்கித் தள்ளாதீர்கள், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் இதில் இரட்டைக் கவனம். தலை லேசாகச் சுற்றினாலோ விரல் நுனி குறுகுறுத்தாலோ அளவுக்கு மீறி மூச்சு விடுகிறீர்கள் என்று பெரும்பாலும் அர்த்தம். நிறுத்தி, வழக்கமாக மூச்சு விடுங்கள். குவோ லின் முறையில் இரண்டு முறை இழுத்து ஒருமுறை விடும் வேகமான மூச்சு உண்டு. வீடியோ பார்த்து அதைத் தொடங்காதீர்கள். நேரில் ஆசிரியர் இருந்தால் மட்டும் கற்கலாம்.

பத்து மூச்சு போதும். நடுவில் மனம் ஸ்கேன் ரிசல்ட்டுக்கு ஓடும். ஓடட்டும், திரும்ப உள்ளங்கைக்கு வாருங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அக்கா மூன்றாம் நாள் அழுதாள். அதற்கு முன்னால் ரிப்போர்ட் வந்த நாளில்கூட அவள் அழவில்லை.

நான்காம் படி: ஐந்து அசைவுகள்

எட்டு அசைவுகள் கொண்ட 'பாதுவான்ஜின்' என்ற தொகுப்புதான் இன்று பரவலாகச் சொல்லிக்கொடுக்கப்படுவது. 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று பொருள். நல்ல தொகுப்புதான். ஆனால் அதில் ஆறாவது அசைவு குனிந்து பாதத்தைத் தொடுவது. எட்டாவது குதிகாலைத் தூக்கித் தரையில் ஏழு முறை இறக்குவது. இரண்டும் சிகிச்சையில் இருக்கும் பலருக்கு ஒத்துவராது. அதனால் சிகிச்சைக் காலம் முழுக்க நாங்கள் செய்தது கீழே உள்ள ஐந்தை மட்டும்தான். ஒவ்வொன்றும் ஆறு முறை. முடியாத நாளில் மூன்று.

கைகளை எழுப்பி இறக்குவது. கை பக்கவாட்டில் தொங்கட்டும். மூச்சை இழுக்கும்போது மணிக்கட்டு முதலில் எழும்பி இரண்டு கையும் முன்னால் நெஞ்சு உயரம் வரை மிதந்து வரட்டும், விரல்கள் தொங்கியபடி. விடும்போது முழங்கை முதலில் இறங்க, உள்ளங்கை தண்ணீரை அழுத்துவதுபோல் கீழே வரட்டும். கையின் கனத்தை நீங்கள் உணரும் வேகம்தான் சரியான வேகம்.

நெஞ்சைத் திறந்து மூடுவது. ஒரு பெரிய பந்தை நெஞ்சுக்கு முன் பிடித்திருப்பதுபோல் கைகளை வையுங்கள். இழுக்கும்போது பந்து பெரிதாகிறது, கைகள் அகலுகின்றன. விடும்போது சுருங்குகிறது. மார்பக அறுவை சிகிச்சைக்குப் பிறகு தோள் இறுகிப்போனவர்களுக்கு இது பிடிக்கும். தையல் இழுத்தால் அங்கேயே நில்லுங்கள், அதைத் தாண்ட வேண்டாம்.

வானத்தைத் தாங்குவது. பாதுவான்ஜினின் முதல் அசைவு. விரல்களைக் கோத்து வயிற்றுக்கு முன்னிருந்து மேலே கொண்டுபோய், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பித் தலைக்கு மேல் நீட்டுவது. போர்ட் உள்ளவர்களும் அக்குளில் அறுவை ஆனவர்களும் டாக்டர் அனுமதித்த உயரத்தில் நிறுத்துங்கள். அக்கா முதல் மாதம் தாடை உயரத்தில் நிறுத்தினாள், பிறகு நெற்றி. தலைக்கு மேல் போனது சிகிச்சை முடிந்து பல வாரம் கழித்து. கோத்த விரல் வலித்தால் கோக்காமலே தூக்கலாம்.

எடையை மாற்றுவது. நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றுகொண்டு எடையை மெதுவாக வலது காலுக்கு, பிறகு இடது காலுக்கு. பாதம் தரையை விட்டு எழவே கூடாது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத அசைவு. ஆனால் கால் மரத்துப்போனவர்களுக்கு இதைவிட உதவியது வேறு எதுவும் இல்லை என்பது என் அனுபவம். பாதத்தின் எந்த ஓரம் எப்போது தரையைத் தொடுகிறது என்று கவனித்துக்கொண்டே செய்யுங்கள். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்த நிலையில் இடுப்பெலும்பு மாற்றி இடுப்பெலும்பாக எடையைச் சாய்க்கலாம்.

மூடுவது. கைகளைப் பக்கவாட்டில் விரித்து ஒரு கட்டு வைக்கோலைச் சேர்த்து அள்ளுவதுபோல் வயிற்றுக்குக் கொண்டுவந்து, உள்ளங்கைகளை அங்கே வைத்து பத்து மூச்சு. அவசரத்தில் இதை விட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். இதற்குப் பிறகு உள்ளங்கையில் வரும் வெதுவெதுப்புதான் பலருக்கு இந்தப் பயிற்சியில் பிடித்தது.

ஐந்தாம் படி: சிகிச்சை நாட்காட்டியோடு பொருத்துவது

வீடியோவில் இருப்பவர் 40 நிமிடம் செய்கிறார் என்பதற்காக நீங்கள் செய்யக்கூடாது. அளவைத் தீர்மானிப்பது உங்கள் கீமோ அட்டவணை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ என்று வைத்துக்கொள்வோம். மருந்து ஏறும் நாளில் மூச்சு மட்டும். ஊசி உள்ள கையை அசைக்காமல் சாய்வு நாற்காலியிலேயே செய்யலாம். அடுத்த மூன்று நான்கு நாள் குமட்டலும் அசதியும் தாக்கும். அப்போது படுக்கையில் படுத்தபடி பத்து மூச்சு, முடிந்தால் முதல் அசைவு. அதுவே முழுப் பயிற்சி, அரைகுறை என்று நினைக்காதீர்கள். சுமார் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பல மருந்துகளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும். உடம்பு தேறியதுபோல் தெரியும், வகுப்புக்குப் போகத் தோன்றும். போக வேண்டாம், கூட்டத்தில் தொற்று எளிதில் வரும். வீட்டில் ஐந்து அசைவையும் செய்யுங்கள். மூன்றாம் வாரம்தான் நல்ல வாரம். 15, 20 நிமிடம் நின்று செய்யலாம், ஒன்றிரண்டு அசைவு கூட்டலாம்.

நாங்கள் சறுக்கியது அந்த நல்ல வாரத்தில்தான். தெம்பு வந்துவிட்டதே என்று ஒருநாள் முக்கால் மணி நேரம் செய்தோம். அடுத்த இரண்டு நாள் அக்கா எழுந்திருக்கவில்லை. அதிலிருந்து ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்: 'இன்னும் கொஞ்சம் செய்யலாம்' என்று தோன்றும்போது நிறுத்திவிடுவது. மறுநாள் காலை முந்தைய நாளைவிட அசதி அதிகம் இருந்தால் அளவைப் பாதியாக்குவது.

கதிர்வீச்சு வேறு மாதிரி. சோர்வு மெல்ல மெல்லச் சேர்ந்து கடைசி வாரங்களிலும் முடிந்த பிறகு சில வாரங்களிலும்தான் உச்சத்துக்கு வரும். அதனால் ஆரம்பத்தில் தெம்பாக இருக்கும்போதே பழக்கமாக்கிவிடுங்கள். மார்பிலோ அக்குளிலோ தோல் சிவந்து எரிந்தால் கை உரசும் அசைவுகளை விட்டு எடை மாற்றுவதும் மூச்சும் மட்டும் செய்யுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு வாரத்தில் ஐந்து நாள், 20 முதல் 30 நிமிடம் வரை மெதுவாகக் கூட்டலாம். ஆய்வுகள் பெரும்பாலும் 10, 12 வாரம் பார்த்தே பலனைச் சொல்கின்றன. அதனால் இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள்.

உடனே நிறுத்த வேண்டியவை

நெஞ்சுவலி, படபடப்பு, பேச முடியாத மூச்சிரைப்பு, புதிதாக எலும்பில் வலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீரென்று கால் பலம் இழப்பது. இவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். கீமோ எடுக்கும் காலத்தில் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். இரவானாலும் காத்திருக்கக்கூடாது.

ஆறாம் படி: ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது

முதல் சந்திப்பில் அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, எங்கே தையல், எந்தக் கை என்று கேட்பவர் நல்லவர். கேட்காமலே பாடம் தொடங்குபவரிடம் கவனமாக இருங்கள். தன் ஆற்றலைக் கையால் அனுப்பிக் கட்டியைச் சுருக்குவதாகச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்தை நிறுத்தச் சொன்னாலும், பெரிய தொகையை முன்பணமாகக் கேட்டாலும் அதேதான். பல புற்றுநோய் மையங்களில் ஒருங்கிணைந்த சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

ஏழாம் படி: நோட்டு

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கீமோவின் எத்தனையாவது நாள், எத்தனை நிமிடம், உட்கார்ந்தா நின்றா. செய்வதற்கு முன் சோர்வு பத்துக்கு எவ்வளவு, பின் எவ்வளவு. தூக்கம் எப்படி. ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். கை மரத்துப்போய் எழுத முடியாவிட்டால் கூட இருப்பவர் எழுதலாம். அக்காவின் நோட்டில் பாதி என் கையெழுத்து. ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அதை எடுத்துப் போங்கள். எங்களுக்கு அந்த நோட்டில் இருந்த 'இடது பாதம் பஞ்சு' என்ற ஒரு வரியைப் பார்த்துத்தான் டாக்டர் அடுத்த சுற்றில் மருந்தின் அளவைக் குறைத்தார்.